பிடிபட்ட கார் என்ன ஆகும்?

அயர்லாந்தில் குடியிருப்பவர் வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்தால் 30 நாளுக்குள் பதிவு வரி கட்ட வேண்டும். புகை அளவைப் பொறுத்து, அயர்லாந்துச் சந்தை விலையில் அது 7 முதல் 41 சதவீதம். கட்டாமல் ஓட்டினால் வருவாய்த் துறை காரையே பறிமுதல் செய்யலாம். ‘வரி பாக்கிக்கு வண்டியையே பிடுங்குவதா, நோட்டீஸ் போதாதா?’ என்று கேட்கலாம். உதாரணமாக, எல்லைக்கு அப்பாலுள்ள வட அயர்லாந்தின் நம்பர் பலகையோடு ஓடும் காருக்கு உள்ளூர்ப் பதிவேட்டில் முகவரி கிடையாதே, நோட்டீஸை எங்கே அனுப்புவது? கைக்கு அகப்படுவது வண்டி ஒன்றுதான். அதற்காக உடனே ஏலம் விடுவதில்லை. வரியும் அபராதமும் கட்டி மீட்க வழி உண்டு. பறிமுதல் தவறென்றால் ஒரு மாதத்துக்குள் எழுத்துமூலம் உரிமை கோரலாம். வழக்கு நீதிமன்றம் போகும். கெடு தாண்டினால் கார் அரசுக்குச் சொந்தம். ஆகவே பிடிபட்ட அன்றே காலண்டரில் தேதியைக் குறித்துவிட வேண்டும்.