அண்ணாவிக்கு ஓர் இடம்



இந்தக் கருத்தரங்கின் தலைமை நாற்காலிக்கு என்னைவிடத் தகுந்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அந்த நடுக்கத்தோடுதான் தொடங்குகிறேன்.

கொழும்புத் தமிழ்ப் பங்குகளில் சிறுவர், வளர்ந்தோர் மறைக்கல்வி என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கச் சட்டம் வந்தது, ஞாயிறு வகுப்பின் தோளில் மறைக்கல்வியின் சுமை ஏறியது, இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1972இல் வளர்ந்தோர் புகுமுகச் சடங்குநூல்: இவை உங்களுக்குத் தெரிந்த பாடம். வெள்ளவத்தைப் பங்குக்கும் கொட்டாஞ்சேனைப் பங்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுரையாளர்கள் சொல்வார்கள். நான் வளர்ந்தோர் மறைக்கல்வி பற்றிய என் பழைய வழக்குக்கு வருகிறேன்.

1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. 1687இல் யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்த பிறகும், குரு எப்போதோ ஓர் இரவில் வந்துபோகும் ஊரில் செபம் சொல்லிக்கொடுத்தது யார்? ஊர்ச் சபைத் தலைவரான மூப்பரும், ஆசிரியரான அண்ணாவியும். அண்ணாவி என்றால் நமக்கு நாட்டுக்கூத்துப் பழக்குபவர்தான் நினைவுக்கு வருகிறார். நான் படித்த நம் மறைக்கல்வி வரலாறுகளிலோ அவருக்கு ஓர் அடிக்குறிப்புக்கூட இல்லை. அவரிடம் கற்றவர்களில் பலர் தாடி நரைத்தவர்களாக இருந்திருப்பார்கள்.

அடுத்தது யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள். கோவாவிலிருந்து 1705இல் வந்து, சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்து, 1742இல் போலவத்தையில் மறைந்தவர். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய வியாகுலப் பிரசங்கத்தை இலக்கியக்காரர் உரைநடையில் சேர்த்தார்கள், வழிபாட்டுக்காரர் தவக்காலப் பக்தியில் சேர்த்தார்கள். நாம் தொடவே இல்லை. அது வளர்ந்தோருக்கான மறைக்கல்வி நூல் என்று நான் எழுதியபோது, மதிப்புக்குரிய நண்பரொருவர் "பக்தி வேறு, கல்வி வேறு" என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதினார். அவர் எனக்கு மூத்தவர், அதனால் அன்று பதில் எழுதவில்லை. இன்று ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது.

இதோ பதில்: கொட்டாஞ்சேனையில் ஒரு தவக்கால மாலை. ஓர் இளைஞர் அந்தப் பிரசங்கத்தை இழுத்து இராகத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார். பிலாத்து வரும் இடத்தில் ஒரு வரி தவறியது. எழுத்து வாசிக்கத் தெரியாத ஓர் ஆச்சி, மூடிய கண்ணைத் திறக்காமலே, "தம்பி, அந்த இடம் விட்டுப்போச்சு" என்றார். இளைஞர் திரும்பிப் போய் வாசித்தார். இது கல்வி இல்லையென்றால், முதல் நற்கருணைக்காகப் பத்துக் கட்டளைகளை ஒப்புவித்து அடுத்த மாதமே மறந்துவிட்ட என் பேரன் பெற்றதற்கு என்ன பெயர்?

பிரசங்கம் கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது என்று நண்பர் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று வளர்ந்தோருக்கு நாம் தருவது என்ன? திருமணத்துக்கு முன் ஓர் ஆயத்த வகுப்பு; பிள்ளையின் முதல் நற்கருணைக்கு முன் ஒரு பெற்றோர் கூட்டம். அங்கே பேச்செல்லாம் வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி, படப்பிடிப்பாளர். 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகு பெரியவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எந்த வினாவிடைப் புத்தகத்திலும் பக்கம் இல்லை.

நம் நிகழ்ச்சி நிரலிலும் வளர்ந்தோருக்கு ஒரே ஓர் அமர்வுதான், அதுவும் நாளை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. தயவுசெய்து கலைந்துவிடாதீர்கள்.