விலகும் உரிமையோடு வெளிநாடு செல்வோம்!

(தோப்பூர்ப் பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



தோப்பூரில் பேச எழும்போது, பக்கத்தேயுள்ள கொட்டியாரக் குடாவின் பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று அங்கே வந்து தங்கிற்று. அதில் தந்தையோடு வந்தவன் ரொபேர்ட் நொக்ஸ். வயது 19. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவனைப் பிடித்துச் சென்றனர். ஆனால் விலங்கிட்டு அடைக்கவில்லை. கிராமத்தில் இருக்க இடம் கொடுத்தனர். உண்ண உணவு கொடுத்தனர். அவன் தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடன் கொடுத்துப் பெருக்கினான். ஊர் திரும்ப மட்டும் அனுமதியில்லை. 19 ஆண்டுகளின் பின், 1679இல், தப்பியோடித்தான் அவன் விடுதலை பெற்றான்.

உணவும் உறைவிடமும் கிடைத்தாலும், விலகிச் செல்லும் உரிமை இல்லாதவன் சிறைப்பட்டவனே! வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் உங்கள் முன் இந்த ஒரு நியாயத்தையே இன்று வைக்க விரும்புகிறேன்.

உழைத்துக்கொண்டே உலகம் காணல்

அவுஸ்திரேலியா 1975இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வேலையோடு கூடிய விடுமுறை என்று அதைச் சொல்லலாம். முதலில் பிரித்தானியா, கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளின் வாலிபருக்கு அது கிடைத்தது. பின்னர் பல நாடுகளுக்கும் விரிந்தது. பொதுவாக 18 முதல் 30 வயது வரையுள்ளவர் ஓராண்டு தங்கி நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம்; செலவுக்கு உழைத்துக்கொள்ளலாம். பழத்தோட்டத்தில் பழம் பறிக்கிறார்கள், உணவுச்சாலையில் பரிமாறுகிறார்கள். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்பதும் அங்கே விதி. முதலாளி கொடுமை செய்கிறானா? மறுநாளே வேறிடம் தேடலாம். விசா முதலாளியின் கையில் இல்லை. உழைப்பவனின் கையில் இருக்கிறது.

அங்கே வஞ்சனையே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. பறித்த அளவுக்குத்தான் கூலி என்று சொல்லி, நாள் முழுதும் உழைத்தவனுக்கு அற்பக் காசு கொடுத்த தோட்டக்காரர் உண்டு. தொழிற்சங்கம் சும்மா இருக்கவில்லை. தொழில் நியாய ஆணைக்குழுவின் முன் வழக்காடிற்று. 2022 ஏப்ரல் முதல் பழம் பறிப்போருக்கும் மணித்தியாலக் குறைந்தபட்சக் கூலி உறுதியாயிற்று. உரிமை அங்கும் தானாக வந்துவிடவில்லை, கேட்டதனால் வந்தது.

இந்தியா பேச்சுவார்த்தை நடத்தி, 2024 முதல் ஆண்டுக்கு 1,000 இடங்களைப் பெற்றது. குலுக்கல் தொடங்கிய இரண்டு கிழமைக்குள் ஏறத்தாழ 40,000 பேர் விண்ணப்பித்தனர். உயர்கல்வியும் ஆங்கில அறிவும் கைப்பணமும் அதற்கு வேண்டும். ஆகவே எல்லோருக்கும் திறந்த வாசல் அது என்று கூற முடியாது. எனினும் அது ஒரு வாசல். இலங்கைக்கு அந்த வாசலும் இல்லை.

நம் மண்ணின் கண்ணீர்

நமக்குத் திறந்திருந்த வாசல் எது? வளைகுடா நாடுகளின் கபாலா முறை. அம்முறையில் தொழிலாளியின் வதிவிட அனுமதி முதலாளியோடு பிணைக்கப்படுகிறது. அவன் சம்மதமின்றி வேலை மாறுவது அரிது. சில நாடுகள் அதைத் தளர்த்தியுள்ளன. ஆனால் சவூதி அரேபியா 2021இல் செய்த சீர்திருத்தம் வீட்டுப் பணியாளரை விலக்கியே செய்யப்பட்டது.

மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை இந்தத் தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள். அவர் 1988இல் பிறந்தார்; கடவுச்சீட்டோ 1982 என்றது. 2005இல், 17 வயதில், வீட்டு வேலைக்குச் சென்றார். சில நாட்களில் அவர் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தது. பாலூட்டும்போது மூச்சடைத்தது என்றார் ரிசானா. கொலை என்றது நீதிமன்றம். வழக்கு விசாரணைக்கு முன் அவருக்கு ஒரு வழக்கறிஞர் இருக்கவில்லை. 2013 சனவரி 9ஆம் நாள் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. கடதாசியில் கூட்டி எழுதிய ஆறு வயது, சிறுமி என்னும் பாதுகாப்பை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. வறுமையைப் பயன்படுத்தி அவ்வயதை எழுதியவர்களையே நான் குற்றஞ்சாட்டுகிறேன், பெற்றவர்களை அல்ல.

அண்மையில் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒரு தாளை நீட்டினார். மகனின் வேலை ஒப்பந்தம். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் வருவதற்கு முன்பே மகன் கையொப்பமிட்டுவிட்டான். வயலும் ஈடு போய்விட்டது. வேலையை இடையில் விட்டால் பயணச் செலவு முழுவதையும் அவனே கட்டவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வாசித்துச் சொன்னேன். அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். கையொப்பத்துக்கு முன் அத்தாள் என்னிடம் வந்திருந்தால்!

நாம் செய்யவேண்டியவை

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை உண்டாக்கிற்று. அனுமதிப்பத்திரமின்றி ஆட்சேர்ப்பது அச்சட்டப்படி குற்றம். ஆகவே, முகவரின் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வயதை ஒரு நாள்கூடக் கூட்டவோ குறைக்கவோ விடாதீர்கள். மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுங்கள்: கூலி எவ்வளவு? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? விலகினால் என்ன நடக்கும்?

தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பு 1987இல் திருத்தப்பட்டது. ஆகவே ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்பது சலுகையன்று, உரிமை!

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்போம். புலம்பெயர் தொழிலாளர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1996இல் ஏற்றது. தென்கொரியாவோடு 2004இலும், யப்பானோடு 2019இலும் தொழிலாளரை அனுப்ப உடன்பாடு செய்தது. 2023இல் இசுரேலுக்குப் பண்ணைத் தொழிலாளர் 10,000 பேரை அனுப்ப இணங்கியது. ஆட்களை அனுப்பக் கையொப்பமிடத் தெரிந்த அரசுக்கு, நம் வாலிபர் சுதந்திரமாய்ச் சென்று, கற்று, உழைத்து, திரும்பிவர ஓர் உடன்பாடு கேட்கத் தெரியாதா?

வாலிபர்களே, போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உலகைப் பாருங்கள், தொழில் கற்று வாருங்கள், இந்த வயல்களுக்கு அந்த அறிவைக் கொண்டு வாருங்கள். ஆனால் திரும்பிவரும் வழி உங்கள் கையில் இருக்கட்டும். விலகும் உரிமையோடு செல்லுங்கள். அவ்வுரிமையில்லாத தாளில் கையொப்பமிடாதீர்கள்!