தாலிக்குத் தங்கம், மில்லுக்கு லாபம்



எனக்கு முன்னால் பேசிய தோழர், முதலாளித்துவம் ஒழிந்தால் பெண்ணடிமைத்தனம் தானாக ஒழியும் என்று சொல்லி உட்கார்ந்தார். நல்ல மனிதர், பல வருஷமாகத் தெரியும். ஆனால் அந்தத் ‘தானாக’வோடு எனக்குச் சண்டை இருக்கிறது. இந்த மேடையில் ஆறு நாற்காலி. ஐந்தில் ஆண்கள். ஆறாவது எனக்கு, அதையும் நான் எழுந்தவுடன் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். டீ போட்டது யார் என்று கேட்க மாட்டேன், அந்தத் தங்கச்சி பந்தலுக்குப் பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறாள். இதை எந்த முதலாளி வந்து ஏற்பாடு செய்தான்?

சரி, முதலாளியிடம் வருகிறேன்.

2001-ல் எனக்குப் பதினாறு வயசு. கமுதிப் பக்கம், வானம் பார்த்த பூமி. ஏஜெண்டு ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். அதில் மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாணப் பெண் படம். பஞ்சாலை நோட்டீசில் பஞ்சு இல்லை, நூல் இல்லை, மிஷின் இல்லை, மணப்பெண் இருக்கிறாள்! மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக 30,000 ரூபாய். திட்டத்தின் பெயர் சுமங்கலி. கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் என்று எங்கெங்கோ மில்களில் இதே ஏற்பாடு வேறு வேறு மங்கலப் பெயர்களில் நடந்தது. ஒன்றில்கூட ‘கூலி’ என்ற சொல் கிடையாது.

30,000-ஐ மூன்று வருஷ நாட்களால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 27 ரூபாய் சொச்சம். அது முதலாளி போட்ட சீர் இல்லை. அன்றன்றைக்கு என் கையில் தந்திருக்க வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு, என் கல்யாணத்துக்குத் தானம் பண்ணுகிற மாதிரி நீட்டினான். என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்கு முப்பத்தோராவது மாதம் காய்ச்சல் கண்டு விடவேயில்லை. ஊருக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம் முடியவில்லையே, அதனால் தொகை கிடையாது.

என்னைத் தொழிலாளி என்றும் எழுதவில்லை. அப்ரண்டிஸ் என்று எழுதினார்கள். ரிங் ஃப்ரேமில் இழை அறுந்தால், சுற்றுகிற பாபினை ஒரு கையால் நிறுத்தி, நுனியைத் தேடி எடுத்து, ரோலரிலிருந்து இறங்குகிற இழையோடு ஒட்டிவிட வேண்டும். கண்ணிமையில் பஞ்சு உட்கார்ந்திருக்கும், துடைக்க நேரம் இருக்காது. கஷ்டமான வேலைதான், ஆனால் மூன்று மாதத்தில் விரல் படித்துவிடும். மீதி முப்பத்து மூன்று மாதம் நான் எதற்கு அப்ரண்டிஸ்?

இதையெல்லாம் விட எனக்கு மறக்காதது அந்தக் காகிதம். நான் பத்தாவது பாஸ். என் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா கைநாட்டு வைத்தார். படித்தவள் நான், வேலை செய்யப்போகிறவள் நான், செல்லுபடியானது அவர் பெருவிரல்.

அந்தப் பெருவிரலுக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? மில் முதலாளி கொடுக்கவில்லை. மில் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே அது இருந்தது. எங்கெல்ஸ் 1884-ல் எழுதிய புத்தகத்தில், மந்தையும் நிலமும் தனிச்சொத்தானபோது அதைத் தன் பிள்ளைக்கே விட்டுப்போக ஆண் விரும்பினான், எது தன் பிள்ளை என்று நிச்சயமாகத் தெரியப் பெண்ணைப் பூட்டி வைத்தான் என்றார். அவர் ஆதாரமாக எடுத்த மானிடவியலாளர் மோர்கனின் தகவல்கள் பலவற்றைப் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் ஏற்கவில்லை. இருக்கட்டும். பூட்டை விட்டுவிட்டுச் சாவி யார் இடுப்பில் என்று பார்த்தாரே, அது போதும். நம் ஊரில் பெரியார் அதே சாவியைக் கல்யாணத்துக்குள் தேடிப் பிடித்தார். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான சொத்துரிமை என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது வருஷம் ஆனது. 1989-ல் வந்த அந்தச் சட்டமும், அதற்கு முன்னாலேயே கல்யாணமாகிப் போன மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை என்றது. தாலி ஏறினால் பங்கு இறங்கிவிடும்! இந்தியா முழுமைக்கும் திருத்தம் வந்தது 2005-ல்.

சட்டம் வந்தாயிற்று. நடப்பு என்ன? சார்பதிவாளர் ஆபீசில் ஒரு முகூர்த்த நாளில் போய் நின்று பாருங்கள். அக்கா தங்கச்சிகளை அண்ணன்மார் வேன் வைத்துக் கூட்டி வருவார்கள். ஆளுக்கொரு பட்டுச்சேலை, மத்தியானம் ஓட்டலில் பிரியாணி. நடுவில் ஒரு கையெழுத்து. அந்தக் காகிதத்துக்கு நம் பத்திர எழுத்தர்கள் வைத்திருக்கிற பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை? ‘கேட்டா அண்ணன் வீட்டு வாசப்படி மிதிக்க முடியாதே’ என்று பயந்து எழுதிக் கொடுத்தவர்கள் இந்தப் பந்தலிலேயே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், பக்கத்திலேயே அண்ணன் உட்கார்ந்திருப்பார்.

இங்கேதான் என் கட்சிக்கு வருகிறேன். நிலத்தில் பங்கில்லாத மகளை நகை போட்டுத்தான் அனுப்ப வேண்டும். வரதட்சணையை 1961-லேயே தடை செய்தாகிவிட்டது, அது சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. நகைக்குப் பணமில்லாத அப்பாவின் பயம் இருக்கிறதே, அதுதான் மில்லுக்குக் கிடைத்த பஞ்சு. அந்தப் பயத்தை முதலாளி உண்டாக்கவில்லை. சும்மா கிடந்ததை எடுத்து மிஷினில் போட்டான். சாதியும் குடும்பமும் பிறந்ததிலிருந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அடக்கத்தை, ஒரு பைசா செலவில்லாமல் ஹாஸ்டல் ஒழுங்காக மாற்றினான். வார்டன் அம்மா பக்கத்தில் நிற்க, வாரம் ஒரு போன். கேட்டால், ‘உங்க வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்துக்கிறோம்.’ உண்மைதான். வீட்டிலும் அப்படித்தானே பார்த்துக்கொண்டார்கள்.

நூற்பு பெண்ணுக்குப் புதிதில்லை. சங்கப் பாட்டில் விளக்கு வெளிச்சத்தில் பருத்தியோடு பாடுபடுகிற பெண் வருகிறாள். துணைக்கு ஆண் இல்லாத பெண்கள் பாடுபட்டு நூற்ற மெல்லிய நூலும் வருகிறது. அன்றைக்கு ஆண் இல்லாதவள் வயிற்றுக்காக நூற்றாள். இரண்டாயிரம் வருஷம் கழித்து, ஒரு ஆணை வாங்குவதற்காக நாங்கள் நூற்றோம். ராத்திரி வேலை மட்டும் மாறவில்லை.

ஆலை வந்த பிறகு நடந்ததையும் கேளுங்கள். பம்பாய் மாகாணத்தில் 1929-ல் பிரசவச் சலுகைச் சட்டம் வந்தது, பிறகு மற்ற இடங்களில் வந்தது. பிரசவத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றதும் ஆலைகளில் பெண்களைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் ராத்திரியில் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆண்கள் நிரந்தரமானார்கள், சங்கம் கட்டினார்கள், பஞ்சப்படியும் போனசும் வாங்கினார்கள். வாழ்த்துகள். அந்தச் செலவு கசக்கத் தொடங்கியபோதுதான் முதலாளிக்கு மறுபடி பெண்ணின் ஞாபகம் வந்தது. இந்த முறை கல்யாணமாகாத பெண். பிரசவமே வராது பாருங்கள். 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ராத்திரித் தடை செல்லாது என்றது. தீர்ப்பு நியாயம்தான், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது. ஆனால் சமத்துவத்தில் எங்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது நைட் ஷிப்ட். சமக்கூலி இன்னும் பஸ்ஸிலேயே இருக்கிறது.

அண்ணன்மாரே, உங்களை வெளியே அனுப்பத்தான் எங்களை உள்ளே கொண்டுவந்தான். அன்றைக்கு எங்களைச் சங்கத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு தலைவரிடம் போனோம். ‘மூணு வருஷத்துல கல்யாணமாகிப் போறவளுக, சந்தா வாங்கி என்னம்மா பண்றது?’ என்றார். மில் மேனேஜர் சொன்னதும் அட்சரம் பிசகாமல் இதேதான்: கல்யாணமாகிப் போறவளுக்கு எதுக்குப் பி.எஃப்.?

போன இடத்தில் என்ன வேலை? 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் கொடுத்தாள், ஆண் 97 நிமிடம். அந்த 97-ஐப் பார்த்து சந்தோஷப்பட வேண்டாம். அது செய்கிறவர்களை மட்டும் எண்ணி வந்த சராசரி. நாலு ஆணில் ஏறக்குறைய மூணு பேர் அன்றைக்குக் கையே வைக்கவில்லை. ஷிப்டுக்குப் போகிற ஆணுக்குச் சோறு, துவைத்த சட்டை, நாளைக்கு ஷிப்டுக்குப் போகப்போகிற பிள்ளை, எல்லாம் இந்த 299 நிமிடத்தில் தயாராகிறது. முதலாளி இதற்குச் சம்பளம் போட்டால் எந்த மில்லும் ஓடாது. போட வேண்டியதில்லை, ஏனென்றால் வசூல் பண்ணிக் கொடுக்க வீட்டுக்கு வீடு ஒரு ஆண் இருக்கிறான். தோழர் சொன்ன ‘தானாக’ இந்த இடத்தில்தான் இடிக்கிறது.

என் 30,000 ரூபாய் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சங்கிலியும் தோடுமாக வாங்கினார்கள். கல்யாணத்தன்று போட்டேன். நாலாவது மாதம் சங்கிலி அடகுக்குப் போனது, இவர் டெம்போவுக்கு முன்பணம் கட்ட. இவர் கெட்டவர் இல்லை, அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். என்னைக் கேட்டுத்தான் வாங்கினாரா என்று நேற்று ராத்திரி கேட்டேன். ‘கேக்கணும்னே தோணலடி’ என்றார். இருபது வருஷம் கழித்து வந்த பதில்.

எங்கள் மகளுக்கு இப்போது பதினாறு. போன மாதம் ஒரு ஏஜெண்டு வந்தார். அந்தத் திட்டத்தின் பெயரை இப்போது யாரும் வாயால் சொல்வதில்லை. ‘கேம்ப்ல தங்கி ஒரு ரெண்டு மூணு வருஷம், மொத்தமா ஒரு அமவுண்ட்’ என்றார். என்ன வேலை, எத்தனை மணி நேரம், மாதாமாதம் சம்பளம் பிள்ளையின் பேரில் பேங்கில் ஏறுமா, பி.எஃப். நம்பர் தருவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. என் தோளுக்கு மேலே எட்டி உள்ளே பார்த்து, ‘வீட்டுல ஆம்பளை யாரும் இல்லியா?’ என்றார்.

இருந்தார். உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தார்.