சாவி யாரிடம் உள்ளது?

நம் கைப்பேசியிலுள்ள எண்கள் நம்முடையவை மட்டுமல்ல. சங்கத்தில் சேர்ந்ததை முதலாளிக்குத் தெரிவிக்காத தொழிலாளியின் எண்ணும் அதில் உண்டு. கூகுள் கணக்கைத் திறந்ததும் அவை பெரும்பாலும் மேகச் சேமிப்புக்குச் சென்றுவிடுகின்றன. மேகம் என்பது அழகிய பெயர்தான். இருப்பதோ பெருநிறுவனத்தின் கணினியில்.

வாட்ஸ்அப் உரையாடலை இடையில் எவரும் படிக்க இயலாதே என்பீர்கள். கூகுள் டிரைவில் சேரும் அதன் நகலுக்கு அப்பாதுகாப்பு தானாகக் கிடைப்பதில்லை. 2021இல் வந்த அவ்வசதியை நாமே இயக்க வேண்டும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கிறது.

எனவே கம்பிவழி சொந்தக் கணினியில் நகலெடுத்து, கடவுச்சொல்லால் பூட்டுங்கள். கணினியும் கோட்டையல்ல. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில் தீநிரல் வழியே ஆவணங்கள் திணிக்கப்பட்டதாக அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021இல் அறிக்கை அளித்தது. மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பைத் திறந்ததில் தொடங்கியது அது! ஆகவே நகலை இணையத்தோடு சேராத தனி வன்தட்டில் வையுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: முதலில் நகல், பிறகே ஒத்திசைவை நிறுத்துதல். வரிசை மாறினால் கைப்பேசியிலிருந்தே எண்கள் மறைந்துவிடக்கூடும்.