வக்கீலை நியமித்தால் மட்டும் போதுமா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



போனஸ் பற்றியும் கூலி உயர்வு பற்றியும் எனக்கு முன் பேசிய தோழர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் வேறொரு விஷயம் பேச வந்திருக்கிறேன். கோர்ட்டு வக்கீல் விஷயம்.

"நமக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். கூலி கேட்டால் கேஸ். வேலைநிறுத்தம் செய்தால் கேஸ். வரப்புத் தகராறில் கேஸ். ஊரில் எது காணாமற் போனாலும் குடிசைத் தெருவிலிருந்து நாலு பேரைப் பிடித்து ஒரு கேஸ். கோர்ட்டு வாசலே மிதிக்காத குடும்பம் இந்தக் கூட்டத்தில் எத்தனை இருக்கிறது? கையைத் தூக்கச் சொன்னால் பாதிக் கை கூட எழும்பாது. ஆகவே இது நம்முடைய விஷயம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம்.

ஒரு மிராசுதாரின் நெல் கொட்டகை இரவில் தீப்பிடித்து எரிந்தது. அதற்கு முந்தின வாரம் அங்கே கூலித் தகராறு நடந்திருந்தது. தகராறில் முன்னால் நின்று பேசிய விவசாயத் தொழிலாளியைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். நெல் வைத்த கட்டிடத்துக்குத் தீ வைத்தான் என்று வழக்கு. பெரிய ஷரத்து, செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. ஜாமீனுக்கு ஆள் இல்லை. வக்கீல் வைக்கக் காசில்லை. கோர்ட்டே ஒரு வக்கீலை நியமித்தது. "சரி, வக்கீல் கிடைத்துவிட்டார்" என்று சங்கத்து ஆட்களாகிய நாங்கள் நிம்மதியாக வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். இது எங்கள் தவறு. இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

விசாரணை நாளன்று நான் கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த வக்கீல் ஓர் இளைஞர். தாழ்வாரத்தில் நின்றபடியே வழக்குக் கட்டைப் புரட்டிக் கொண்டிருந்தார். கட்சிக்காரரோ போலீஸ்காரர்களுக்கு நடுவே நிற்கிறார். இருவரும் பேசிய நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம் கூட இல்லை. கூப்பிட்டதும் அவர் எழுந்து வாய்தா கேட்டார். நீதிபதி ஒரு வாரம் கொடுத்தார்.

எனக்குக் கோபம். வெளியே வந்ததும் அவரை நிறுத்திக் கேட்டேன். "ஏன் சார், ஓர் ஆளின் வாழ்வு போகிற விஷயம். இப்படியா வருவது?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கட்டு இன்று காலைதான் என் கைக்கு வந்தது, ஐயா. பாதி நகல் வாசிக்கவே முடியவில்லை. சம்பவ இடத்தை நான் பார்த்ததில்லை. போய் வரப் பணம் தருவார் யாருமில்லை. எனக்குக் குமாஸ்தாவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, என் கட்சிக்காரர் என்னிடம் வாயே திறக்க மாட்டேன் என்கிறார்" என்றார்.

ஏன் வாய் திறக்கவில்லை? சிறையில் மனுப் போட்டு அந்தத் தொழிலாளியைப் பார்த்தேன். அவர் சொன்னார்: "அவரு சர்க்கார் கொடுத்த வக்கீலு, தோழர். போலீசும் சர்க்காருதானே? இவர்கிட்ட சொன்னா நேரா அங்கே போயிராதா?"

அவர் மறைத்தது என்ன தெரியுமா? கொட்டகை எரிந்த இரவு அவர் அந்த ஊரிலேயே இல்லை. அடுத்த தாலுக்காவில் அறுப்புக்குப் போயிருந்தார். மேஸ்திரியின் நோட்டில் அவர் பேர் இருந்தது. அன்று வாங்கிய முன்பணத்துக்குக் கைநாட்டும் இருந்தது!

அந்த ஒரு வாரத்தில் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் பஸ் ஏறிப் போய் மேஸ்திரியைக் கண்டுபிடித்தார்கள். வக்கீல் சிறைக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். மேஸ்திரி நோட்டோடு வந்து கூண்டேறிச் சாட்சி சொன்னார். தொழிலாளி விடுதலையானார். ஆனால் அதற்குள் எட்டு மாதம் அவர் சிறையில் கழித்தாகிவிட்டது. வீட்டில் இருந்த ஆடும் விற்றாகிவிட்டது. பிள்ளையின் படிப்பும் நின்றுவிட்டது.

விடுதலைக்கு ஆன செலவு என்ன? பஸ் சார்ஜ், இரண்டு பேர் சாப்பாடு, நகல் எடுத்த காசு, ஒரு வார அவகாசம். இவ்வளவுதான், தோழர்களே! இவ்வளவும் முதல் மாதமே கிடைத்திருந்தால்?

அந்த வக்கீல் கெட்டவர் அல்ல, சோம்பேறியும் அல்ல. தறியைக் கொடுத்து நூலைக் கொடுக்காவிட்டால் எந்த நெசவாளி துணி நெய்வான்? ஏரைக் கொடுத்து மாட்டைக் கொடுக்காவிட்டால் எவன் உழுவான்? எதிர்த் தரப்பைப் பாருங்கள். அவர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. சாட்சியைக் கூட்டி வர ஆளும் வண்டியும் இருக்கிறது. ரசாயனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் சர்க்கார் வக்கீல் இருக்கிறார். நம் பக்கம் நிற்பவருக்கு ஒரு கறுப்புக் கோட்டு மட்டும்தான். இந்தச் சண்டை சமமான சண்டையா?

இந்த வக்கீல் உரிமை யாரும் தயவாகத் தந்ததல்ல. அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து, கைதானவனுக்குத் தன் விருப்பப்படி வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று 1950-லேயே சொன்னது. ஆனால் காசில்லாதவனுக்கு அதனால் என்ன பயன்? தெலுங்கானா விவசாயிகளைக் கேளுங்கள். 1949-ல் ஹைதராபாத்தில் விசேஷ டிரிபியூனல்கள் அவர்களில் பலருக்குத் தூக்குத் தண்டனை விதித்தன. வக்கீல் வைத்து வாதாடத் தங்களுக்குச் சந்தர்ப்பமே தரவில்லை என்று அவர்கள் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார்கள். டி. என். பிரிட் என்ற பிரிட்டிஷ் வக்கீல் கடல் கடந்து வந்து அவர்களுக்காக வாதாடினார். தூக்கு வழக்கிலும் கூட, வக்கீல் இல்லாத காரணத்தால் மட்டுமே விசாரணை செல்லாது என்று விதியாகச் சொல்ல முடியாது என்று 1951-ல் தீர்ப்பு வந்தது. பின்னர் அந்தத் தூக்குத் தண்டனைகள் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டன.

அங்கிருந்து சட்டம் அடி அடியாகத்தான் நகர்ந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாதவனுக்குச் செஷன்ஸ் விசாரணையில் சர்க்கார் செலவில் வக்கீல் தர வேண்டும் என்று 1973-ம் வருஷத்துக் குற்ற விசாரணைச் சட்டம் கட்டளையிட்டது. 1957-ல் கேரளத்தில் இ. எம். எஸ். மந்திரி சபையில் சட்ட மந்திரியாக இருந்த வி. ஆர். கிருஷ்ணய்யர், பின்னாளில் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். அப்பீலுக்கும் இலவச வக்கீல் உண்டு என்று 1978-ல் அவர் தீர்ப்பளித்தார். பீகாரில் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைப் போலீசார் குருடாக்கிய கொடுமை வழக்கில், வக்கீல் தர நிதியில்லை என்று சர்க்கார் கைவிரிக்க முடியாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இலவச வக்கீல் உண்டு என்பதை மாஜிஸ்திரேட்டே கைதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. கைதி கேட்கவில்லை என்பதற்காக அந்த உரிமை போய்விடாது என்று 1986-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் ஏட்டில் இருப்பது வேறு, கூண்டில் நடப்பது வேறு. அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் கண்ட்வா என்று ஓர் ஊர். அங்கே 2013-ல் ஒரு சின்னப் பெண் குழந்தை கொடூரமாகக் கொல்லப்பட்டது. ஓர் ஏழை இளைஞனைப் பிடித்தார்கள். பிப்ரவரி 19-ந் தேதி அவனுக்கு இலவச வக்கீல் நியமனம் ஆனார். அதே நாளில் குற்றச்சாட்டும் பதிவானது. மார்ச் 4-ந் தேதி தூக்குத் தண்டனை. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வாரம் கூட இல்லை! உயர்நீதிமன்றமும் அதை ஊர்ஜிதம் செய்தது. 2019-ல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்து, வழக்கை முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. ஆயுள் தண்டனையோ தூக்கோ விதிக்கக்கூடிய வழக்கில் நியமிக்கப்படும் வக்கீலுக்குப் பத்து வருஷ அனுபவமாவது இருக்க வேண்டும், தயாரிக்கக் குறைந்தது ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் சொன்னது. மறு விசாரணையில் மீண்டும் தூக்கு. டி.என்.ஏ. பரிசோதனை செய்த நிபுணரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கவில்லை என்று 2023-ல் உயர்நீதிமன்றம் அதையும் ரத்து செய்து திருப்பி அனுப்பியது. கடைசியில் 2024-ல் அந்த இளைஞன் விடுதலையானான். பதினோரு வருஷம் போய்விட்டது!

அந்தக் குழந்தையின் தாய் தகப்பனுக்குத்தான் என்ன நியாயம் கிடைத்தது? இதை நன்றாக யோசியுங்கள். ஏனென்றால், "குற்றவாளிக்கு எதற்குச் சர்க்கார் பணம்?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். விசாரணை முடியும் முன் அவன் குற்றவாளியா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? கேள்வி கேட்க ஆளில்லாத விசாரணையில் தவறான ஆள் உள்ளே போனால், உண்மையான ஆள் வெளியே உலாவுவான். நல்ல எதிர்வாதம் கைதிக்கு மட்டும் அல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் ஊருக்கும் வேண்டியது.

அப்படியானால் நாம் என்ன கேட்க வேண்டும்? "வக்கீல் கொடு" என்பதோடு நிறுத்தக் கூடாது. வக்கீலுக்கு வேண்டியதைக் கொடு என்று கேட்க வேண்டும்.

ஒன்று, காலம். கைதான நாள் முதலே வக்கீல் வேண்டும். விசாரணை நாளன்று காலையில் அல்ல. இரண்டு, தெளிவான நகல்கள் முழுமையாக வேண்டும். மூன்று, சம்பவ இடத்தைப் பார்க்கவும், சிறைக்குப் போய்ப் பேசவும், சாட்சியைத் தேடவும் செலவுப் பணமும் உதவி ஆளும் வேண்டும். நான்கு, ரசாயன, வைத்திய சாட்சியத்தை எதிர்த்துக் கேள்வி கேட்க நிபுணர் ஆலோசனை வேண்டும். ஐந்து, மரியாதையான ஊதியம், தாமதமில்லாமல். கூலி பாக்கி நிற்கும் தொழிலாளி எப்படி வேலை செய்வான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

2022 முதல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு புது முறையைக் கொண்டு வந்திருக்கிறது. மாவட்டங்களில் கைதிகளுக்காக மட்டும் வாதாடும் முழுநேர வக்கீல்கள், மாத ஊதியம், தனிப்பட்ட கேஸ் எடுக்கக் கூடாது. சர்க்கார் வக்கீலுக்கு எதிரே முழுநேரமும் ஒரு மக்கள் வக்கீல் நிற்பது நல்ல ஏற்பாடு. வரவேற்க வேண்டியது. ஆனால் இவர்களும் ஒப்பந்த ஊழியர்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் கஷ்டம் ஆலையில் உங்களுக்குத் தெரியும். ஒரு தலையில் எத்தனை கட்டு ஏற்றுவது என்பதற்கும் அளவு வேண்டும். நாலு தறிக்கு ஓர் ஆள் என்றபோது பழுது எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். அங்கே இழை அறுந்தது. இங்கே அறுவது மனிதன் வாழ்வு.

கடைசியாக, நாம் செய்ய வேண்டியது.

1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-வது பிரிவு. இதை மனப்பாடம் செய்யுங்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர், இவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்புக்குள் உண்டு. கோர்ட்டு வளாகத்திலேயே மாவட்ட ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தாலுக்காவில் வட்டக் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் கேட்கலாம்.

நியமனமான வக்கீல் போலீஸ் ஆள் அல்ல, கைதியின் ஆள். அவரிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லச் சட்டம் அனுமதிக்காது. இதைக் கைதியின் வீட்டாருக்கு முதல் நாளே சொல்லுங்கள். பிறகு கிளைக்கு இரண்டு பேரை இதற்கென்றே நியமியுங்கள். வாய்தாத் தேதியைக் குறித்து வைப்பது, மேஸ்திரி நோட்டு, ஆலை ஆஜர்ச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகியவற்றைத் தேடிக் கொடுப்பது, சாட்சியைப் பயப்படாமல் கூட்டி வருவது, ஜாமீனுக்கு ஆள் பார்ப்பது, இவை அவர்கள் வேலை. வக்கீல் வேலை செய்யாவிட்டால் கூச்சப்படாமல் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வேறு வக்கீல் கேளுங்கள். நன்றாக வேலை செய்கிற வக்கீலுக்கோ நாம் கையும் காலுமாக நிற்க வேண்டும்.

சர்க்கார் தர வேண்டியதை நம் தலையில் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. தர வேண்டியதைக் கேட்டுப் போராடுவோம். அது வரும்வரை நம் தோழனைக் கூண்டில் தனியே நிற்க விடமாட்டோம். அன்று நெல் கொட்டகை வழக்கில் எட்டு மாதம் நாங்கள் தூங்கினோம். இனி எட்டு நாள் கூடத் தூங்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை உங்களிடம் சொன்னேன்.