பிள்ளைகளோடு உழவர் சந்தைக்கு

1999 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, மதுரை அண்ணாநகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் திறந்து வைத்தார் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி. தரகர் கிடையாது, கமிஷன் கிடையாது. விளைவித்தவரே நேரில் விற்கலாம். புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை மட்டும் வேண்டும்.

சந்தையில் ஒரு விலைப்பலகை இருக்கும். மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் அன்றன்றைக்கு விலை எழுதுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளைக்கு இது அருமையான பாடம். "கத்தரிக்காய் கிலோ எவ்வளவுன்னு வாசிச்சுச் சொல்லு கண்ணு" என்று அப்பா கேட்டால், தமிழும் கணக்கும் ஒன்றாக வரும்.

கீரைக்கட்டுப் பக்கம்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்கும். வேரில் ஈரமண் ஒட்டிய சிறுகீரை, தண்டு சிவந்த தண்டுக்கீரை, காம்போடு கட்டிய முருங்கைக்கீரை. தொட்டுப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். "இது எந்த ஊர்ல விளைஞ்சது பாட்டி?" என்று குழந்தை கேட்டால், எந்தத் தோட்டம், எப்போது பறித்தது என்பது வரை கீரை விற்கும் பாட்டியே சொல்வார். பளபளக்கும் பெரிய கடைகளில் இந்தப் பதில் கிடைப்பது அபூர்வம்.

சீக்கிரம் போவது நல்லது. வெயில் ஏறினால் கீரை வாடும், கைக்குழந்தையும் சிணுங்கும். துணிப்பை, சில்லறை இரண்டையும் மறக்க வேண்டாம். கிழங்கும் பூசணியும் பையின் அடியில், தக்காளி மேலே. அந்தத் தக்காளியைப் பொறுக்கும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.