காசு நம்முடையது, ஆலை யாருடையது?

(மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது சிப்ஸ் சட்டம். 2022 ஆகஸ்ட் 9ஆம் தேதி அதிபர் பைடன் கையெழுத்துப் போட்ட சட்டம். அமெரிக்காவிலேயே சிப் தயாரிப்பைப் பெருக்குவதற்காக 5,270 கோடி டாலர் பொதுப்பணத்தை இது ஒதுக்கியது. அதில் 3,900 கோடி, ஆலை கட்டுகிற கம்பெனிகளுக்கு ஊக்கத்தொகை. மிச்சத்தில் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கு. இது போக, ஆலையிலும் இயந்திரங்களிலும் போடுகிற முதலீட்டுக்கு 25 சதவீத வரிச் சலுகை தனி.

நம்ம ஆட்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில் வருகிறது. ஒன்று, "இதெல்லாம் கார்ப்பரேட்டுக்குக் கொடுக்கிற இனாம், நமக்கென்ன?" இன்னொன்று, "எப்படியோ வேலை வருது, வரட்டுமே." எனக்கு இரண்டுமே போதவில்லை. அரசாங்கம் தொழிலில் பணம் போடக் கூடாது என்று இடதுசாரிகள் சொல்ல முடியாது. அது எதிர்த்தரப்பு பேசுகிற வசனம். நாம் கேட்க வேண்டியது, போட்ட பணத்துக்குப் பதிலாக மக்களுக்கு என்ன எழுதி வாங்கினார்கள் என்பதுதான். இன்றைக்கு நான் பேசப் போவதும் அதுதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. சிப் தொழில் என்றாலே கராஜில் உட்கார்ந்து நாலு கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று ஒரு கதை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஒரு சிப் என்ன விலை? சாதாரணக் கம்பெனி எதுவும் வாங்க முடியாத விலை. அப்போது வாங்கியது யார் என்று பார்த்தால், மினிட்மேன் ஏவுகணைத் திட்டமும் அப்போலோ விண்வெளித் திட்டமும்தான். அரசாங்கம் வாங்கி வாங்கித்தான் விலை இறங்கியது. 1987இல் ஜப்பான் போட்டி தாங்காமல் அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து செமடெக் என்ற கூட்டமைப்பைத் தொடங்கியபோது, பென்டகன் அதற்கு வருஷத்துக்கு 10 கோடி டாலர் கொடுத்தது. அதே 1987இல்தான் தைவானில் டிஎஸ்எம்சி பிறக்கிறது. அதில் ஏறக்குறைய பாதிப் பங்கு தைவான் அரசாங்கத்தின் பணம். ஆக, இந்தத் தொழிலில் பொதுப்பணம் புதுசு கிடையாது.

அப்படியானால் அமெரிக்காவில் இருந்த ஆலைகள் எங்கே போயின? தொழில்துறைச் சங்கத்தின் கணக்குப்படி 1990இல் உலகச் சிப் உற்பத்தித் திறனில் 37 சதவீதம் இங்கே இருந்தது. 2020இல் 12 சதவீதம். சிப்பைப் பொருத்திப் பொதியும் வேலை 1960களிலேயே ஹாங்காங் போய்விட்டது. 1972இல் இன்டெல் மலேசியாவின் பினாங்குக்குப் போனது. எங்கே கூலி குறைவு, எங்கே சங்கம் இல்லை என்று தேடிப் போனார்கள். வெளிநாடு வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. 1965இல் ஃபேர்சைல்டு கம்பெனி நியூ மெக்சிகோவில் நவாஹோ பூர்வகுடி மக்களின் நிலத்தில், ஷிப்ராக் என்ற ஊரில் ஒரு ஆலை தொடங்கியது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பளம் நெய்கிற விரல்களுக்குச் சிப் வேலை இயல்பாக வரும் என்று கம்பெனியே விளம்பரம் செய்தது. 1975இல் ஆட்குறைப்பு வந்தது. அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் ஆலைக்குள் புகுந்து அதைக் கைப்பற்றிப் போராடினார்கள். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஆலையையே மூடிவிட்டுப் போய்விட்டது.

இந்தக் கதையை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆலையை "திரும்பக் கொண்டுவருகிறோம்" என்று சொல்கிறபோது, அது ஏன் போனது என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். 2021இல் சிப் கிடைக்காமல் கார் ஆலைகள் நின்றன. மிக நுட்பமான சிப்புகளில் 90 சதவீதம் அளவுக்குத் தைவானில்தான் தயாராகிறது என்ற பயம் வந்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் நாடாளுமன்றத்தில் பேசினது முழுக்கச் சீனாவைப் பற்றி. போனவர்கள் எதனால் போனார்கள் என்று பேச ஆள் குறைவு. செனட்டில் இடது பக்கமிருந்து எதிர்த்து ஓட்டுப் போட்டவர் பெர்னி சாண்டர்ஸ் ஒருவர்தான். அவர் கேட்டதும் நிபந்தனையைத்தான்.

சரி, நிபந்தனையே இல்லையா? இருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும். மானியப் பணத்தை வைத்துத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கக் கூடாது. ஆலை கட்டுகிற கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அந்த வட்டாரத்தில் நிலவுகிற கூலியைக் கொடுக்க வேண்டும். 15 கோடி டாலருக்கு மேல் கேட்கிற கம்பெனி, தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு என்று திட்டம் தர வேண்டும். எதிர்பார்த்ததைவிட லாபம் ரொம்ப அதிகமானால் ஒரு பகுதியை அரசாங்கத்தோடு பகிர வேண்டும். பத்து வருஷத்துக்குச் சீனாவில் பெரிய அளவில் விரிவாக்கம் செய்யக் கூடாது.

இப்போது இதில் எது இல்லை என்று பாருங்கள். ஆலை கட்டி முடித்த பிறகு உள்ளே வேலை பார்க்கப் போகிறவர்கள் சங்கம் வைத்தால், கம்பெனி குறுக்கே நிற்கக் கூடாது என்ற வரி இல்லை. சீனாவில் முதலீடு செய்யாதே என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதத் தெரியாதா?

வரிச் சலுகை இன்னும் மோசம். மானியத்துக்கு விண்ணப்பம், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் என்று ஒரு வழிமுறையாவது உண்டு. வரிச் சலுகைக்கு உச்சவரம்பே கிடையாது. குழந்தைப் பராமரிப்பு, கூலி நிபந்தனை எதுவும் கிடையாது. 2025 ஜூலையில் வந்த வரிச் சட்டம் அதை 25இலிருந்து 35 சதவீதமாக உயர்த்தியது. மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டை வெட்டிய அதே சட்டம்தான்.

இன்டெல்லை எடுத்துக்கொள்வோம். 1990 முதல் அந்தக் கம்பெனி தன் பங்குகளைத் திரும்ப வாங்கச் செலவழித்தது 15,000 கோடி டாலருக்கு மேல். சிப்ஸ் சட்டம் மொத்தமாக ஒதுக்கிய தொகையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆலைக்குப் போட வேண்டிய காசு பங்குச்சந்தைக்குப் போனது. அப்புறம் ஆலைக்கு அரசாங்கத்திடம் கை நீட்டியது. 2024இல் அதற்கு 786 கோடி டாலர் மானியம் உறுதியானது. அதே வருஷம் ஆகஸ்டில் 15,000 பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. ஒஹாயோவில் 2025இல் சிப் வரும் என்று சொன்ன ஆலை, இப்போது 2030க்குத் தள்ளிப் போயிருக்கிறது.

நம்மில் பலருக்கு இது வெறும் செய்தி இல்லை. சாண்ட்லரிலும் ஹில்ஸ்பரோவிலும் நம்ம சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஹெச்-1பி விசாவில் இருக்கிறவருக்கு வேலை போனால் கையில் இருப்பது 60 நாள். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக்கொண்டு கிளம்ப வேண்டும். பொதுப்பணம் வாங்கின கம்பெனி இத்தனை பேரை நீக்கும்போது, அந்த 60 நாளைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

2025 ஆகஸ்டில் ட்ரம்ப் அரசு இன்டெல்லில் ஏறக்குறைய 10 சதவீதப் பங்கை எடுத்தது. கொடுக்காமல் பாக்கியிருந்த மானியம் 570 கோடி, ராணுவத்துக்கான சிப் திட்டத்தின் 320 கோடி, இரண்டையும் பங்காக மாற்றிக்கொண்டார்கள். சில தோழர்கள்கூட, "அட, இது நாம கேட்டதுதானே?" என்றார்கள். கொஞ்சம் பொறுங்க. அரசாங்கத்துக்கு நிர்வாகக் குழுவில் இடம் இல்லை. சில விதிவிலக்குகள் தவிர, நிர்வாகக் குழு சொல்கிற பக்கமே ஓட்டுப் போடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறது. இது பொதுவுடைமை ஆகாது. வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு உட்காருகிற பங்காளி.

அடுத்தது உடம்பு. சிப் ஆலை என்றதும் வெள்ளை அங்கி, தூசி இல்லாத அறை என்று நினைக்கிறோம். அந்தச் சுத்தம் சிப்புக்காக, ஆளுக்காக இல்லை. உள்ளே கரைப்பான்கள், அமிலங்கள், நச்சு வாயுக்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கிற சான்டா கிளாரா மாவட்டத்தில் 'சூப்பர்ஃபண்ட்' எனப்படும் நச்சு மாசு இடங்கள் 20க்கு மேல். நாட்டிலேயே எந்த மாவட்டத்திலும் இத்தனை இல்லை. 1980களின் தொடக்கத்தில் தெற்கு சான் ஹோசேவில் ஃபேர்சைல்டு ஆலையின் நிலத்தடித் தொட்டி கசிந்து, கரைப்பான் குடிநீர்க் கிணற்றில் கலந்தது தெரியவந்தது.

தென் கொரியாவில் சாம்சங்கின் கிஹுங் ஆலையில் பள்ளிப் படிப்பு முடித்ததும் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், 2007இல் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். இருபதுகளின் தொடக்கம். அவருடைய அப்பா டாக்ஸி ஓட்டுநர். அவர் விடவில்லை. அந்தப் போராட்டத்திலிருந்துதான் 'பனோலிம்' என்ற அமைப்பு உருவானது. ஆலையில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் "தொழில் ரகசியம்" என்றே பதில் வந்தது. சாம்சங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2018 நவம்பரில். பதினோரு வருஷம்! இந்த அனுபவம் கண் முன்னால் இருக்கும்போதுதான், 2024 அக்டோபரில், மானியம் பெறும் பல ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து விலக்குக் கொடுக்கும் சட்டத்தில் பைடன் கையெழுத்துப் போட்டார்.

அதே சாம்சங்குக்கு டெக்சஸில் ஆலை கட்ட இங்கே கிடைத்தது சுமார் 474 கோடி டாலர். அது உறுதியானது 2024 டிசம்பரில். அந்த வருஷம் செப்டம்பர் 9ஆம் தேதிதான் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அங்கே செய்வது ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும்தான், சிப் இல்லை. ஆனால் முதலாளி ஒருவர்தான். 37 நாள் போராடினார்கள். அவர்கள் கேட்டதில் முக்கியமானது, எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. பந்தலைப் பிரித்தார்கள், போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. டெக்சஸில் வரி கட்டுகிறவரும் ஸ்ரீபெரும்புதூரில் பந்தலில் உட்கார்ந்தவரும் ஒரே கம்பெனியோடுதான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மைக்ரானையும் பாருங்க. இங்கே மத்திய அரசின் மானியம் 600 கோடிக்கு மேல். நியூயார்க் மாநிலம் தனியாக 550 கோடி வரை தருகிறது. அந்தப் பக்கம் குஜராத் சானந்தில் அதே கம்பெனிக்கு 275 கோடி டாலரில் பொதிவு ஆலைத் திட்டம். அதில் பாதி இந்திய மத்திய அரசு, 20 சதவீதம் குஜராத் அரசு. கம்பெனி போடுவது 100 ரூபாய்க்கு 30 ரூபாய். ஒவ்வொரு அரசாங்கமும் "தற்சார்பு" என்று சொல்லித்தான் கொடுக்கிறது. எல்லா நாட்டுத் தற்சார்பும் ஒரே கம்பெனியின் கணக்கில் போய்ச் சேருகிறது.

ஆக, நாம் என்ன கேட்கலாம்? நான் மூன்று சொல்கிறேன், விவாதிப்போம்.

ஒன்று, பொதுப்பணம் வாங்குகிற எந்த ஆலையிலும் சங்கம் வைக்கும் முயற்சியில் நிர்வாகம் தலையிடக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மீறினால் பணம் திரும்ப வர வேண்டும்.

இரண்டு, பயன்படுத்துகிற ரசாயனப் பட்டியல் தொழிலாளிக்கும் ஊராருக்கும் தெரிய வேண்டும். தொழில் ரகசியம் என்ற சாக்கு இங்கே செல்லாது.

மூன்று, அரசாங்கம் பங்கு எடுத்தால் ஓட்டும் எடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அரிசோனாவில் டிஎஸ்எம்சி ஆலை 2023இல் தாமதமானபோது, இங்கே திறமையான ஆள் இல்லை, தைவானிலிருந்து கொண்டுவருகிறோம் என்றது கம்பெனி. உள்ளூர்க் கட்டுமானச் சங்கங்கள், விசா கொடுக்காதே என்று கையெழுத்து இயக்கம் நடத்தின. அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் அது போய் விழுந்தது கம்பெனி மேல் இல்லை, வரப்போகிற தொழிலாளி மேல். அந்த டிசம்பரில் கம்பெனியும் சங்கங்களும் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். "வெளியாள் வந்து வேலையைப் பறிக்கிறான்" என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விசாவில் வருகிறவரும் சங்கத்தில் சேர முடிகிற மாதிரி, வேலை போனால் நாட்டை விட்டு ஓட வேண்டியிராத மாதிரி கேட்பதும் இந்தக் கோரிக்கைகளோடு சேர்ந்ததுதான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, அவரவர் மாநிலம் எந்த ஆலைக்கு என்ன கொடுத்திருக்கிறது, பதிலுக்கு என்ன வாங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்க. மாநில அளவில் எழுதுகிற ஒப்பந்தத்தில்தான் நம்ம மாதிரிச் சின்னக் கூட்டம்கூட குரல் கொடுக்க இடம் இருக்கிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்க.